கலுங்கில்லாக் கண்மாய்: பழைய கார்களின் ஒயரிங்கை ஷார்ட்டிலிருந்து காப்பது பற்றி

நரிக்குடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் ஊர்க்காரர்கள் முதலில் போய்ப் பார்ப்பது கலுங்கைத்தான். கண்மாய் கொள்ளுமட்டும் கொண்ட பிறகு மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்காக, கரையில் ஓரிடத்தைக் கல்லால் கட்டி, கரையைவிடத் தாழ்த்தி விட்டிருப்பார்கள். மிஞ்சுகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். போய்க் கீழ்க்கண்மாயில் சேரும். இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டுமே என்று கலுங்கின்மேல் மண்மூட்டை அடுக்குகிறவர்களும் உண்டு. அடுக்கிய வருஷமெல்லாம் கரை உடைந்துவிடாது. உடைகிற வருஷத்தில் எந்த இடத்தில் உடையும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

பியூஸ் என்பது ஒயருக்குக் கட்டிய கலுங்கு. மின்னோட்டம் அளவு மீறினால் எந்த இடம் அறுந்துபோக வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்து, அந்த இடத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைக்கிறோம். நாம் முடிவு செய்யாவிட்டால் ஒயரே ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளும். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கலாம். பெட்ரோல் குழாயை ஒட்டியும் இருக்கலாம். நம் ஊர்களில் இன்னும் ஓடுகிற, அல்லது கொட்டகைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பழைய கார்களில் பெரும்பாலானவை கலுங்கில்லாத கண்மாய்கள். ஒன்றிரண்டு கலுங்கு இருந்தாலும் அதன்மேல் மூட்டை அடுக்கியிருப்பார்கள்.

எங்கள் பெரியப்பா மிளகாய் வியாபாரத்தில் இருந்த காலத்தில் ஒரு அம்பாசடர் வைத்திருந்தார். ஊரில் அதற்கு ‘பிளசர்’ என்றுதான் பெயர். அவர் காலத்துக்குப் பிறகு அது மாட்டுக்கொட்டகையின் ஒரு ஓரத்தில் பல வருஷம் நின்றது. அதை எடுத்து ஓட்டலாம் என்று ஒரு மாசி மாதம் புது பேட்டரி மாட்டினோம். சாவியைத் திருப்பக்கூட இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழேயிருந்து புகை வந்தது. பேட்டரிக் கேபிளைப் பிடுங்கி எறிந்ததில் கை பொத்துப்போனது. வண்டி தப்பியது. பிறகு திறந்து பார்த்தபோது, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குழாயின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தது. எப்போதோ ஒரு ராத்திரி பயணத்தில் அவசரத்துக்கு யாரோ சுற்றியது. அவசரம் முடிந்தது, காகிதம் முப்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டது. ஆனால் அன்று புகைந்த ஒயர் அந்தப் பியூஸுக்குள் வருவதே அல்ல. அதற்குப் பியூஸே கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து பார்த்த வயதான எலக்ட்ரீஷியன் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “தம்பி, பியூஸ் போச்சுன்னா நல்லது நடந்திருக்குன்னு நெனைச்சுக்கங்க. போகாம இருந்தாத்தான் பயப்படணும்.”

அந்தக் கார்களின் பரம்பரையை அறிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அம்பாசடரை, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் பிள்ளை. பத்மினி இத்தாலியின் பியட் 1100-இலிருந்து வந்தது. மின்சாரச் சாமான்களில் ஆங்கிலேயப் பரம்பரைக்கெல்லாம் தாய்வீடு லூகாஸ் கம்பெனி. அதன் கூட்டு நிறுவனமாக 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னைப் பாடியிலிருந்து டைனமோவும் ஸ்டார்ட்டரும் கொடுத்தது.

லூகாஸ் வழியில் ஒயரின் நிறமே பேசும். பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்தாலும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸையும் கடந்து வருவது. ஊதா, சாவி தேவையில்லாமல் பியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். இந்த வரிசையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் ஆபத்தும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பச்சைக்கும் ஊதாவுக்கும் மட்டுமே பியூஸ் உண்டு. பழுப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் காவலின்றி ஓடுகின்றன. சிவப்பும் பல வண்டிகளில் அப்படித்தான். அந்தக் காலத்து லூகாஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டே பியூஸ். தொடக்ககால டிரையம்ப் ஹெரால்டில் பியூஸ் பெட்டி என்ற ஒன்றே கிடையாது.

இது கஞ்சத்தனத்தால் மட்டும் வந்ததல்ல. ராத்திரி நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு பியூஸ் போய் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தால் என்ன ஆகும்? முந்திப் போகிற நேரத்தில் இக்னிஷன் அறுந்தால்? ஒயர் கருகுவதைவிட அது பெரிய ஆபத்து என்று வடிவமைத்தவர்கள் கருதினார்கள். புது ஒயர், ஒழுங்கான கிளிப்புகள், தொழிற்சாலையில் கட்டிய கட்டு என்ற நிலையில் அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அதே ஒயர் அங்கே இருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்தித்தாளில் எந்த வண்டி எரிந்தாலும் ‘மின்கசிவு காரணமாக’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்துகொள்கின்றன. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

முதலாவது நேரடி ஷார்ட். உயிருள்ள ஒயரின் செம்பு நேராகக் காரின் உடம்பைத் தொடுவது. பன்னிரண்டு வோல்ட் தானே, கையால் தொட்டால்கூட உறைக்காதே என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இரண்டு மீட்டர் நீளத்துக்கு இருந்தால் அதன் தடை 0.023 ஓம். பேட்டரியின் உள்தடை, எர்த் வழி, இணைப்புகள் எல்லாம் சேர்த்து மொத்தம் 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 240 ஆம்பியர். அந்த இரண்டு மீட்டர் ஒயரில் மட்டும் 1300 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும்; துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியின் அளவு. ஒயரில் உள்ள செம்பின் எடை 27 கிராம்தான். கணக்குப்படி ஒவ்வொரு நொடிக்கும் அது நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். புகையைப் பார்த்து, பானட்டைத் திறந்து, ஸ்பானரைத் தேடி எடுப்பதற்குள் பக்கத்து ஒயர்களின் பிவிசி உறையும் உருகி, ஒரு ஷார்ட் பத்து ஷார்ட்டாகிவிடும். வீட்டு மின்சாரம் மனிதனைக் கொல்லும். கார் பேட்டரி காரைக் கொல்லும். வோல்ட் குறைவு என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை.

இரண்டாவது, உண்மையான கசிவு. ஈரம், துரு, பேட்டரி அமிலத்தின் பூப்பு இவற்றின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் வடிவது. இது தீ வைப்பது அரிது. பேட்டரியைத் தீர்த்துவிடும், செம்பைப் பச்சை பிடிக்கச் செய்து தின்னும்.

மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை: தளர்ந்த இணைப்பு. இங்கே ஷார்ட் எதுவும் இல்லை, அதனால் பியூஸும் போகாது. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் போகிற வழியில் ஒரு துருப்பிடித்த முனை 0.3 ஓம் தடையோடு உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு புள்ளியில் 30 வாட் வெப்பம். ரேடியோ கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் அளவுதான் அது. அதே இடத்தில் மூன்று வோல்ட்டும் தொலைகிறது. ஆகவே ‘லைட் கொஞ்சம் மங்கலா இருக்கு’ என்பதை நான் வெளிச்சக் குறைபாடாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டிக்குள் எங்கேயோ ஒரு புள்ளி வெந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அம்பாசடர்காரர்கள் பலர் மங்கலுக்கு மருந்தாக 100 வாட் பல்பை மாட்டினார்கள். 45 வாட் பல்பு இரண்டுக்கு 7.5 ஆம்பியர், 100 வாட் இரண்டுக்கு 16.7 ஆம்பியர். ஓட்டம் இரண்டேகால் மடங்கு ஏறினால் அதே ஒயரில் வெப்பம் ஐந்து மடங்காகும். சுவிட்சின் பேக்கலைட் வெடித்துப்போன கதைகளெல்லாம் இப்படி வந்தவைதான்.

பத்மினிக்காரர்களுக்கு இதிலேயே தனியாக ஒரு தொல்லை உண்டு. பியட் வழியில் வந்த பியூஸ் பீங்கான் துண்டின்மேல் உலோகப் பட்டை ஓடுகிற கூர்முனை வகை; 8 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் தகட்டின் ஓட்டைக்குள் முனை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். தகடு தளர்ந்து முனை கறுத்தால் பியூஸே சூடேறும் புள்ளியாகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கழற்றி, முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தகட்டை இறுக்கமாக வளைத்து மாட்டினால் போதும்.

எங்கெங்கே ஷார்ட் வருகிறது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டை ஒயர்க்கட்டு துளைத்துப் போகும் ஓட்டையில் ரப்பர் புஷ் காய்ந்து உதிர்ந்திருக்கும். தகட்டின் விளிம்பு ஆக்சா பிளேடாகிவிடும். ஸ்டீயரிங் தண்டுக்குள் போகும் ஹார்ன் ஒயர் திரும்பித் திரும்பி உரசியிருக்கும். டிக்கிக் கதவின் கீல் அருகே நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் நசுங்கியிருக்கும். பேட்டரியைப் பிடிக்கிற இரும்புச் சட்டம் தொலைந்துபோய்ச் சைக்கிள் ட்யூபால் கட்டியிருப்பார்கள். ஒரு பள்ளத்தில் பேட்டரி எகிறி டெர்மினல் பானட்டைத் தொட்டால் அந்த ஷார்ட்டை எந்தப் பியூஸும் தடுக்காது. என்னைக் கேட்டால் ஒரு பழைய காரில் முதலில் செலவழிக்க வேண்டிய பணம் அந்தச் சட்டத்துக்கும் பாசிட்டிவ் முனைக்கு ஒரு ரப்பர் மூடிக்கும்தான்.

இவற்றைவிட அதிகம் கெடுத்தது பிற்பாடு சேர்த்தவை. டேப் ரெக்கார்டர், சின்ன மின்விசிறி, பனி விளக்கு, இரட்டை ஹார்ன், கல்யாண ஊர்வலத்துக்குக் கட்டிய சீரியல் பல்பு. ஒவ்வொன்றுக்கும் பழுப்பு ஒயரைப் பிளேடால் கீறி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இன்சுலேஷன் டேப்பின் பசை நம் ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது. கொட்டகைத் தகரத்தின் கீழ் நிற்கும் காரின் பானட்டுக்குள் பசை இளகி, டேப் தானே அவிழ்ந்து தொங்கும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயரைக் காரில் இழுத்திருப்பதையும் பார்க்கிறோம். அது குலுக்கலில் ஒடியும். காருக்குப் பல மெல்லிய இழைகள் சேர்ந்த ஒயர்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய கெடுதி எலி. தை, மாசியில் நெல் அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் இடம் பெயரும். பானட்டுக்குள் கதகதப்பும் இருட்டும் இருக்கிறது, கடிக்க ஒயரும் இருக்கிறது. புதிய கார்களின் ஒயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி கடிக்கிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். பழைய பிவிசிக்கும் பருத்தி நூல் பின்னிய ரப்பர் ஒயருக்கும் அந்த விளக்கம் பொருந்தாது. எலிக்கு முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன. கொறித்தே ஆக வேண்டும். எலி உறையைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவிட்டால் அன்றைக்கு எதுவும் நடக்காது. ஒயர் அந்தரத்தில் தொங்கும்வரை வண்டி ஓடும். முதல் ஈரத்திலோ முதல் பள்ளத்திலோ அது தகட்டைத் தொடும். எங்கள் பெரியப்பா வண்டியில் நடந்தது அதுதான். புகையிலைத் தூள், நாப்தலீன் உருண்டை, நொச்சி இலை என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வாசனை தீர்ந்ததும் எலி திரும்பி வருகிறது. காற்று வரும் ஓட்டைகளுக்கு இரும்புக் கம்பி வலை, காருக்குப் பக்கத்தில் தவிடும் புண்ணாக்கும் வைக்காமை, வாரம் ஒருமுறை வண்டியை வெளியே எடுத்து ஓட்டுவது, நிற்கும்போது பானட்டைத் திறந்து வைப்பது ஆகியவற்றை நான் நம்புகிறேன்.

கரிசல் மண்ணையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சக்கரம் எற்றுகிற கரிசல் சேறு அடிச்சட்டத்தில் அப்பிக்கொண்டால் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. எர்த் ஒயர் திருகியிருக்கிற இடங்களெல்லாம் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கின்றன. எர்த் கெட்டால் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். ஸ்டார்ட்டருக்குப் போகும் நூற்றுக்கணக்கான ஆம்பியர், ஆக்சிலரேட்டர் கேபிளின் வழியாகத் திரும்பி அதைச் சிவக்கக் காய்ச்சிய சம்பவங்கள் உண்டு. இன்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள பின்னல் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் பளபளவெனத் தேய்த்து, வாசலைன் தடவி இறுக்குவது ஐந்து நிமிஷ வேலை.

இனி மருந்து. இதில் கருத்து வேறுபாடுகள் பல. எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்கிறேன்.

பழைய ஒயரை வைத்துக்கொள்வதா, முழுவதும் மாற்றுவதா? ஒரு முனையை எடுத்து விரல் மேல் வளைத்துப் பார்க்க வேண்டும். உறை வெடித்தால் விவாதம் முடிந்தது. முழு ஒயரிங்கும் மாற்றியாக வேண்டும். பிவிசியை இளக வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் வருஷக்கணக்கில் வெளியேறிவிட்டபின் உள்ளே இருப்பது ஓட்டுச் சில்லுக்குச் சமம். எந்த டேப்பும் அதை மீட்காது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் ஆயத்த ஒயரிங் செட் கேட்டு வாங்கலாம். வாங்குமுன் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பியூஸின் அளவை எதை வைத்துத் தீர்மானிப்பது? இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். விளக்குக்குத் தக்க பியூஸ் என்கிறார்கள். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேயும், விளக்கு கேட்கும் அளவுக்கு மேலேயும் பியூஸ் நிற்க வேண்டும். 0.30 மில்லிமீட்டர் இழை பதினான்கு கொண்ட, ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 8.75 ஆம்பியர் என்றும், இருபத்தெட்டு இழைக்கு 17.5 என்றும், நாற்பத்துநான்கு இழைக்கு 27.5 என்றும் ஆங்கிலேயக் கணக்கு. ஒல்லி ஒயரில் 30 ஆம்பியர் பியூஸ் போடுவதும் பியூஸே இல்லாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே லூகாஸ்காரர்கள் விழுகிற ஒரு குழி உண்டு. பழைய ஆங்கிலேயக் கண்ணாடி பியூஸில் ‘35’ என்று எழுதியிருந்தால் அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர் அளவு. அமெரிக்க முறைப்படி வருகிற கண்ணாடி பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. புத்தகத்தில் 35 என்று பார்த்துவிட்டு அமெரிக்க 35-ஐ மாட்டினால் காவலை இரண்டு மடங்கு தளர்த்தியதாகும். அந்த இடத்தில் 15 அல்லது 20 போதும்.

காவலில்லாத பழுப்பு ஒயருக்கு என்ன செய்வது? பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஸ்டார்ட்டர் கேபிளை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் போகும் தாய் ஒயரில் ஒரு பெரிய பியூஸ் போட வேண்டும். பழைய டைனமோக்கள் 20 ஆம்பியரை ஒட்டித்தான் கொடுக்கும். தாய் ஒயர் தாங்குமானால் 40 ஆம்பியர் பியூஸ் சரியாக இருக்கும். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவுக்குக் காவலற்ற நீளம் குறையும். பியூஸுக்குப் பதிலாக, தாய் ஒயரைவிட மெல்லியதாக ஒரு சாண் உருகு ஒயரைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அது மெதுவாக அறும், மாற்றுவதும் சிரமம். தானாக அறுந்து தானாகச் சேரும் வெப்பப் பிரேக்கர் ஹெட்லைட்டுக்கு நல்லதென்று சிலர் சொல்வார்கள். ஷார்ட் நிற்கிறவரை அது விட்டுவிட்டு ஒயரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

ஹெட்லைட்டைப் பொறுத்தவரை அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களின் பயத்தை மதித்தே தீர்வு காணலாம். இடது விளக்குக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று எனப் பியூஸைப் பிரித்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று வழி காட்டும். கூடவே ரிலே. ரிலே வைத்தால் பழைய சுவிட்சின் வழியாகக் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் போகும். பெரிய ஓட்டம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்குக்குப் போய்விடும். ஐம்பது வருஷச் சுவிட்சு இன்னொரு ஐம்பது வருஷம் இருக்கும். வெளிச்சமும் கூடும், 100 வாட் பல்பு தேவைப்படாது. இக்னிஷனுக்குப் பியூஸ் கூடாது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காயில் நான்கு ஆம்பியர் அளவுதான் எடுக்கிறது. அதற்குத் தனியாக ஒரு 10 ஆம்பியர் பியூஸ், சுத்தமான முனைகளோடு இருந்தால், காரணமின்றி அறுவதில்லை.

இணைப்புகளை ஈயத்தால் பற்ற வைப்பதா, லக் என்கிற முனைத்தகட்டை நசுக்கிப் பிடிப்பதா? ஈயம் ஏறிய இடத்தின் விளிம்பில் ஒயர் விறைத்து, குலுக்கலில் அங்கேயே ஒடிகிறது. உரிய கருவியால் நசுக்கிய லக்கே மேல். குறட்டால் நசுக்கிய லக்கு இரண்டையும்விட மோசம்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் என் கணிப்பில் மிக மலிவான காவல். எர்த் முனையில் திருகிவிடுகிற பித்தளைக் குமிழ் ஒன்று. நிறுத்தியதும் திருகித் தளர்த்திவிட்டால் ராத்திரி எலி என்ன செய்தாலும் வண்டி எரியாது. ஆனால் ஓடும்போது அதை நம்பக்கூடாது. டைனமோ வண்டியில் பேட்டரியை அறுத்தாலும் இன்ஜின் டைனமோவின் தயவில் ஓடும். ஆல்டர்னேட்டர் வண்டியில் ஓடும்போது அறுத்தால் அதன் டயோடுகள் போய்விடக்கூடும். சாவியை அணைத்துவிட்டுத்தான் திருக வேண்டும்.

எந்த வேலைக்கும் முன் எர்த் கேபிளை முதலில் கழற்றி, முடித்தபின் அதைக் கடைசியாக மாட்டுவது வழக்கம். எர்த் இருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால் ஸ்பானரின் மறுமுனை உடம்பைத் தொட்டாலே ஷார்ட். எர்த்தைக் கழற்றும்போது தொட்டால் ஒன்றும் ஆகாது. 1960களின் நடுப்பகுதிவரை வந்த ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மறக்கக்கூடாது. அந்த வண்டியில் புது ரேடியோவையோ எல்இடி விளக்கையோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் அது அன்றைக்கே போகும்.

தீ என்பது ஒயர் மட்டும் வைப்பதல்ல. இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களை அது வெடிக்கவும் ஊறவும் செய்கிறது. ஒயரிங்கைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குழாயைப் பார்க்காமல் விடுவது பாதி வேலை. ஒரு கிலோ உலர்பொடித் தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கிக்குள் இருந்தால் பயனில்லை.

இவ்வளவும் செய்தால் வண்டியின் பழைமை கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகள்படி, ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவு செய்துகொள்ளலாம். ‘விஏ’ எழுத்துகளோடு தனி எண் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பதே அதன் நிபந்தனை. பியூஸ் சேர்ப்பது அதில் வராது. 1966-இல் தொடங்கிய, பழைய கார்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் பாதுகாப்புக்கான மாற்றங்களை அடக்கமாக, பின்னால் திருப்பி எடுக்கக்கூடிய விதமாகச் செய்யச் சொல்கிறது. புது பியூஸ் பெட்டியைக் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைக்கலாம். பழைய லூகாஸ் பெட்டி தன் இடத்திலேயே இருக்கட்டும், அதன் வழியாகவும் மின்சாரம் போகட்டும். பருத்தி நூல் பின்னலைப் பார்க்க ஆசைப்பட்டால் புது ஒயரின்மேல் அதைப் போர்த்தலாம். செய்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரைந்து காரிலேயே வைப்பது அவசியம். அடுத்து அந்த வண்டியைத் திறக்கப்போகிறவர் நம் பேரனாக இருக்கலாம்.

அந்தத் தாள் இன்று எவ்வளவு அவசியம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பதினைந்தாண்டு கடந்த அரசு வண்டிகள் பதிவிலிருந்து நீக்கப்படுகின்றன. அலுவலக அம்பாசடர்கள் போனதோடு அவற்றைப் பார்த்துப் பழகிய கைகளுக்கும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தைப் பார்த்தே ஒயரின் போக்கைச் சொல்கிற எலக்ட்ரீஷியன்கள் அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிற இளைஞர்களிடம் இந்த அறிவு போய்ச் சேரவில்லை. தப்பு அவர்களுடையதல்ல, யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது ஷார்ட்டைத் தேடுகிற முறை. பெரியப்பா வண்டியில் அந்த எலக்ட்ரீஷியன் மல்ட்டிமீட்டரைத் தொடவே இல்லை. ஒரு பழைய ஹெட்லைட் பல்புக்கு இரண்டு ஒயர் இழுத்து, கழற்றிய எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் அதை மாட்டினார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஷார்ட் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பல்பின் வழியாக நாலு ஆம்பியருக்கு மேல் போக முடியாது என்பதால் இனி எதுவும் எரியாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாகத் தேடலாம். “இப்ப ஒவ்வொண்ணாக் கழட்டுங்க தம்பி, நான் பல்பப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். விளக்குச் சுவிட்சின் ஒயர், டைனமோவுக்கான கட்-அவுட் பெட்டியின் ஒயர், ஹார்ன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தேன். ஊதா ஒயர் ஒன்றைக் கழற்றியும் பல்பு அசையவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பழுப்பு ஒயரின் கிளை ஒன்றைப் பிடித்து அசைத்தபோது பல்பு ஒருமுறை சிமிட்டியது. எலி தின்ற இடம் அங்கேதான் இருந்தது. தகட்டில் கரியும் படிந்திருந்தது. யாரோ ஒரு காலத்தில் மின்விசிறிக்காக முறுக்கி எடுத்த கிளை அது. மின்விசிறி போய்ப் பல வருஷமாகியிருந்தது, ஒயர் மட்டும் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அடியோடு வெட்டி எடுத்தோம். கருகிய தாய் ஒயருக்குப் பதில் புதிது இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்தில் 40 ஆம்பியர் பியூஸ் வைத்து, வெள்ளிக் காகிதத்தைக் கழற்றிப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. கடைசியில் பல்பை மறுபடி எர்த்தின் நடுவில் மாட்டினார். சாவி அணைந்திருந்தது, கதவெல்லாம் சாத்தியிருந்தது. பல்பு எரியவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார். உள்விளக்கின் ஓட்டத்துக்கு ஹெட்லைட் பல்பின் இழை லேசாகக்கூடச் சிவக்கவில்லை. உள்விளக்கு மட்டும் எரிந்தது. “ம், இனி மாட்டலாம்” என்று சொல்லிவிட்டு எர்த் கேபிளை எடுத்துப் பேட்டரி முனையில் வைத்தார்.